உப்பிட்ட எலுமிச்சையும் கடல் மீனும்

ஓய்வு பெற்ற கணித ஆசிரியரான என் நண்பர் ஒருவர், தம் வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைத்து, அதில் ஒரு கோமாளி மீனை மட்டும் விட்டு நான்கு மாதம் பொறுமையாகப் பராமரித்தார். பின்பு சிறு மீன்கள் மூன்றையும், கடைக்காரர்கள் 'டோரி' என்று சொல்லி விற்கும் நீல நிறச் சர்ஜன் மீன் ஒன்றையும் வெளியூர்க் கடையிலிருந்து ஒருங்கே வரவழைத்தார். இரவு முழுதும் பேருந்தில் பயணம் செய்து வந்த சர்ஜன் மீன் முதல் இரண்டு நாள் பாறையிடுக்கை விட்டு வெளியே வரவேயில்லை. மூன்றாம் நாள் வந்தபோது, அதன் நீல மேனியில் யாரோ தூளுப்பைத் தூவினாற்போல இருபது வெண்புள்ளிகள் இருந்தன. உள்ளூர்க் கடையில் நீல நிற மருந்தொன்றைக் கொடுத்தார்கள். மருந்து விட்ட நான்காம் நாள் புள்ளிகள் அனைத்தும் மறைந்தன. மீன் பளபளவென்று நீந்திற்று. நண்பர் என்னை அழைத்துக் காட்டி ஆனந்தப்பட்டார். பத்து நாள் சென்றபின் ஒரு விடியற்காலையில் பார்த்தால், தொட்டியிலிருந்த ஐந்து மீன்களும் மாவில் புரட்டியெடுத்தவை போல வெளுத்து, நீர்ப்பரப்பருகே வாயைத் திறந்து திறந்து மூடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. அதே மருந்தை இருமடங்கு விட்டார். இரண்டு நாளில் நான்கு மீன்கள் மாண்டன. பழைய கோமாளி மீன் ஒன்றுதான் தப்பியது.

"முதல் முறை குணப்படுத்திய மருந்து இரண்டாம் முறை ஏன் கைவிட்டது?" என்று அவர் என்னிடம் கேட்டார். ஒரே கணக்குக்கு இரண்டு விடை வருவதை ஆயுள் முழுதும் ஒப்புக்கொள்ளாத மனிதர் கேட்ட கேள்வி அது. நேரான விடை உண்டு. ஆனால் அது விளங்க வேண்டுமானால் நோயைப் பற்றிப் பேசுமுன் நோயாளியைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

எலுமிச்சம்பழத்தை நான்காகக் கீறி, கல்லுப்பை அள்ளிப் போட்டு, ஜாடியின் வாயைத் துணியால் வேடு கட்டி வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்காமலே மறுநாள் ஜாடியின் அடியில் நீர் நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பழத்திலிருந்த நீரை உப்பு வெளியே இழுத்துவிட்டது. மெல்லிய சவ்வு ஒன்றின் இருபுறமும் உப்பின் அளவு வேறுபட்டிருந்தால், உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்கு நீர் தானே செல்லும். இதைச் சவ்வூடு பரவல் என்று பாடநூல்கள் சொல்லும். கீறாத முழுப் பழமாக இட்டால் அவ்வளவு விரைவில் நீர் விடுவதில்லை, தோல் தடுக்கிறது. உப்பு நீரை இழுக்கும், தோல் அதைத் தடுக்கும் என்னும் இவ்விரண்டையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. எலும்புடைய கடல் மீன்களின் இரத்தத்தில் இருக்கும் உப்போ அதில் மூன்றில் ஒரு பங்களவே. ஆகவே கடலில் வாழும் மீன், ஊறுகாய் ஜாடியில் இட்ட பழத்தின் ஸ்திதியில்தான் பிறந்தது முதல் இறக்கும் வரையில் இருக்கிறது. செதிலும், அதன்மேல் வழுவழுப்பாகப் படர்ந்த சளிப்படலமும் பழத்தின் தோலைப் போல உடம்பைக் காக்கின்றன. ஆனால் செவுள்களை அவ்வாறு மூடிக்கொள்ள இயலாது. மூடினால் சுவாசம் நின்றுவிடும். பிராணவாயு உள்ளே வருமளவுக்கு மெல்லியதான சவ்வின் வழியே உடம்பின் நீர் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. நாற்புறமும் தண்ணீர் சூழ்ந்திருக்க, கடல் மீன் கணந்தோறும் வறண்டுகொண்டிருக்கிறது என்பது கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும் உண்மை.

வறண்டு போகாமல் எப்படிப் பிழைக்கிறது? கடல்நீரையே குடிக்கிறது. இதை 1930-ல் ஹோமர் ஸ்மித் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர் எளிய உபாயம் ஒன்றினால் காட்டினார். குடலால் உறிஞ்ச முடியாத சிவப்புச் சாயம் ஒன்றை அவர் மீன்கள் இருந்த கடல்நீரில் கலந்தார். பின்பு மீனின் குடலைப் பார்த்தபோது, சாயம் வெளி நீரில் இருந்ததைவிட அடர்த்தியாக அங்கே சேர்ந்திருந்தது. சாயம் உள்ளே போயிற்று என்றால் மீன் குடித்திருக்கிறது. அடர்ந்தது என்றால் உடன் வந்த நீரைக் குடல் உறிஞ்சிக்கொண்டுவிட்டது. ஆனால் நீரோடு உப்பும் அன்றோ இரத்தத்தில் ஏறும்? அந்த உப்பு எங்கே போகிறது என்ற வினாவுக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் விடை வந்தது. பிற்காலத்தில் உணவுக்கும் இதயநோய்க்கும் உள்ள உறவை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற ஆன்செல் கீஸ், இளமையில் விலாங்கு மீனின் செவுள்களைத் தனியே எடுத்து, அவற்றினூடே திரவத்தைச் செலுத்தி, உப்பு செவுள் வழியே வெளியே தள்ளப்படுவதை அளந்தார். 1932-ல் அவரும் வில்மர் என்னும் அறிஞரும் அத்தொழிலைச் செய்யும் செல்களையே நுண்ணோக்கியில் அடையாளம் கண்டார்கள். 'உப்பிறைப்புச் செல்கள்' என்று நாம் அவற்றை அழைக்கலாம்; ஓட்டைப் படகில் புகும் நீரை இடைவிடாது இறைத்துக் கொட்டும் படகோட்டியைப் போல, அவை இரவும் பகலும் உப்பை இறைத்து வெளியே கொட்டுகின்றன. அதற்குச் செலவாகும் சக்தி உணவிலிருந்து வர வேண்டும். உண்ணாத கடல் மீன் பசியால் மட்டும் வாடுவதில்லை. இறைக்கும் கையும் அதற்குத் தளர்ந்துபோகிறது.

இனி அச்சத்துக்கு வருவோம். 'மன அழுத்தம்' என்று நாளேடுகள் வழங்கும் சொல் மீனுக்குப் பொருந்தாது. மீனின் மனத்தைப் பற்றி நான் இங்கே ஏதும் சொல்ல வரவில்லை. இன்னல் எதுவாயினும் உடம்பு முழுவதும் ஒரே விதமாக எழுந்து நிற்கும் நிலையை 'உடல் நெருக்கடி' என்று சொல்லிக்கொள்வோம். 1936-ல் மாண்ட்ரியல் நகரில் ஹான்ஸ் ஸெல்யே என்பவர், எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும், வெவ்வேறு மருந்துகளைச் செலுத்தினாலும், எல்லாவற்றிலும் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி பருப்பதும், நோயெதிர்ப்புக்குரிய தைமஸ் சுரப்பி சுருங்குவதும், இரைப்பையில் புண் உண்டாவதுமாக ஒரே வகை விளைவைக் கண்டு ஒரு சிறு குறிப்பாக எழுதினார். வெவ்வேறு இன்னல்களுக்கு உடம்பின் மறுமொழி ஒன்றே என்ற அந்தக் குறிப்பிலிருந்துதான் இத்துறை முழுவதும் கிளைத்தது.

மீனிலும் இந்த ஏற்பாடு உண்டு. வலை நீரில் இறங்கியதும் அட்ரினலின் இரத்தத்தில் பாய்கிறது. செவுள்களுக்கு ஓடும் இரத்தம் பெருகுகிறது. மீன் தப்பியோடப் போதிய பிராணவாயு கிடைக்கிறது. ஆனால் சுவாசத்துக்காகத் திறந்த கதவும் நீர் வெளியேறும் கதவும் ஒன்றே என்பதை முன்னமே கண்டோம். எனவே அஞ்சிய கடல் மீன் அந்த அச்சத்தினாலேயே மேலும் வறள்கிறது. மேலும் உப்பு ஏறுகிறது. அடுத்து, தலையை ஒட்டியிருக்கும் சிறுநீரகப் பகுதியிலிருந்து கார்ட்டிசால் என்னும் சுரப்பு நீர் எழுகிறது. சேமித்த சர்க்கரையைச் செலவுக்கு எடுத்துத் தருவதும், உப்பிறைப்புச் செல்களை நடத்துவதும் இதன் வேலைகள். அச்சம் சில நிமிஷங்களில் தீர்ந்தால் இவை யாவும் நன்மையே. நாட்கணக்கில் நீடித்தாலோ, அதே கார்ட்டிசால் இரத்தத்தின் எதிர்ப்புச் செல்களைக் குறைத்துவிடுகிறது. மீன் உண்ண மறுக்கிறது. பஞ்சகாலத்தில் ஊர்க்காவலைக் குறைத்துவிட்டு அந்தக் கூலியைக் கிணறு வெட்டச் செலவிடும் ஊரைப் போன்றது இது. கிணறு வேண்டியதுதான், ஆனால் திருடன் வருவதும் அந்தச் சமயம் பார்த்துத்தான்.

மீனின் நெருக்கடியை எவ்வாறு அளக்கிறார்கள் என்ற சந்தேகம் எழலாம். இரத்தம் எடுக்க மீனைப் பிடிக்க வேண்டும். பிடிப்பதே பெரிய நெருக்கடி. நல்லவேளையாக, கார்ட்டிசாலில் ஒரு பகுதி செவுள் வழியே நீரில் கசிகிறது. மீனைத் தொடாமல், அது இருந்த நீரைச் சோதித்தே அதன் நிலையை அறியலாம். 2011-ல் வெளியான பரிசோதனை ஒன்று என் மனத்தை மிகவும் கவர்ந்தது. பவளப்பாறைகளில் 'துப்புரவு மீன்' என்னும் சிறு மீன், மற்ற மீன்களின் மேனியிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்கிறது. அவ்வாறு கொத்தும்போது தன் துடுப்புகளால் அவற்றை வருடவும் செய்கிறது. வருடலுக்கு ஏதேனும் பயன் உண்டா என்று அறிய, ஆராய்ச்சியாளர் துப்புரவு மீனின் உருவத்தில் பொம்மை செய்து, அதை இயந்திரத்தால் முன்னும் பின்னும் அசையவிட்டு, நெருக்கடிக்கு உள்ளாக்கிய சர்ஜன் மீன்களின் அருகே வைத்தனர். மீன்கள் தாமே வந்து அசையும் பொம்மைமேல் உரசிக்கொண்டன. அவற்றின் கார்ட்டிசால் குறைந்தது. அசையாத பொம்மையை வைத்த மீன்களுக்கு அப்பயன் கிட்டவில்லை. பொம்மை ஒட்டுண்ணி எதையும் தின்னவில்லை; ஆகவே தொடுகை ஒன்றே ஆறுதல் தந்தது என்று தீர்மானிக்க வேண்டியதாயிற்று.

என் நண்பரின் மீன் வந்த பையினுள்ளும் ஒரு சூட்சுமம் இருந்தது. மீன் செவுள் வழியே அம்மோனியாவைக் கழிவாக வெளியேற்றுகிறது. நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும்: ஒன்று உறையிலிட்ட கத்தி, மற்றொன்று உருவிய கத்தி. நீர் புளிப்புப் பக்கம் சாய்ந்தால் பெரும்பகுதி உறைக்குள் இருக்கும்; காரப் பக்கம் சாயச் சாய உறையை விட்டு வெளிவரும். கட்டிய பைக்குள் மீன் விடும் கரியமிலவாயு தேங்கி நீரைப் புளிப்பாக்குவதால், பல மணி நேரம் சேர்ந்த அம்மோனியாவும் அங்கே பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. பையைத் திறந்ததும் கரியமிலவாயு பறந்துவிடுகிறது, நீர் காரமாகிறது, கத்தி உருவப்படுகிறது. நண்பரோ மிகுந்த பரிவோடு, பையைத் திறந்து வைத்துக்கொண்டு, தொட்டியின் கார நீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் அதில் கலந்திருக்கிறார். நெடும்பயணம் வந்த மீனுக்கு இந்தப் பரிவே விஷமாகிறது. பையைத் திறக்காமல் கால்மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்திக்கொண்டு, உப்பின் அளவை முன்கூட்டியே பைநீருக்கு ஒப்ப அமைத்த வேறொரு தொட்டியில், பைநீரை விடாமல் மீனை மட்டும் உடனே மாற்றுவதுதான் உண்மையான பரிவு. அந்தத் தொட்டியிலும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் குடியேறியிருக்க வேண்டும். உறைமோர் இல்லாமல் தயிர் தோயாதது போல, அவை இல்லாத புதுநீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மீனுக்கு உகந்ததன்று. இந்தத் தயிர் தோய ஓரிரவு போதாது, நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

இப்போது வெண்புள்ளிக்கு வரலாம். 1930-களில் ஜப்பானில் ஸிகாமா என்பவர் விவரித்து, 1951-ல் பிரௌன் என்பவர் பெயரிட்ட 'கிரிப்டோகாரியான் இர்ரிடன்ஸ்' என்னும் ஒற்றைச் செல் உயிரி இந்த நோயைத் தருகிறது. மறைந்த உட்கருவுடையது, எரிச்சலூட்டுவது என்பது பெயரின் பொருள். நன்னீர் மீன்களுக்கு வரும் வெண்புள்ளியும் கண்ணுக்கு இதுபோலவே இருக்கும். ஆனால் இரண்டு உயிரிகளும் உறவில் வெகுதூரம் விலகியவை. ஒன்றின் மருந்து மற்றதற்குப் பயன்படும் என்று நம்பி ஏமாறுபவர் அநேகர்.

இதன் வாழ்க்கையில் மூன்று பருவங்கள் உண்டு. முதலாவது ஊண்பருவம்: மீனின் மேல்தோலுக்கு அடியிலே புதைந்து, திசுவைத் தின்று, மூன்று முதல் ஏழு நாள் வரை வளர்கிறது, நாம் காணும் வெண்புள்ளி இதுதான். பருத்தபின் மீனை விட்டுத் தானாகவே நீங்கி, தரையிலோ பாறையிலோ ஒட்டி, ஒரு நாளுக்குள் தன்னைச் சுற்றிக் கெட்டியான உறை செய்துகொள்கிறது, இது கூட்டுப்பருவம். கூட்டுக்குள் அது பிளந்து பிளந்து பெருகி, பெரும்பாலும் மூன்று முதல் இருபத்தெட்டு நாளுக்குள் வெடிக்கும்போது, ஒரு கூட்டிலிருந்து இருநூறு வரை நீந்தும் குஞ்சுகள் வெளிவரக்கூடும். மூன்றாவதான இந்த நீச்சல் பருவத்துக்கு ஆயுள் ஒரு நாளோ சற்றுக் கூடுதலோதான். அதற்குள் ஒரு மீனைக் கண்டடையாவிட்டால் மடிந்துபோகும்.

என் நண்பரின் புதிர் இங்கே அவிழ்கிறது. நான்காம் நாள் புள்ளிகள் மறைந்தது மருந்தினால் அன்று; உண்டு கொழுத்த ஒட்டுண்ணிகள் காலம் வந்ததும் இறங்கிப் போயின. மருந்தே விடாமல் இருந்திருந்தாலும் அன்று அவை மறைந்தே இருக்கும். அவர் ஆனந்தப்பட்ட அந்த நாட்களில், தொட்டியின் மணலில் இருபது கூடுகள் வளர்ந்துகொண்டிருந்தன. இருபதை இருநூறால் பெருக்க அவருக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. இரண்டாம் முறை அவர் மருந்து விட்டபோது குஞ்சுகள் செவுள்களிலும் புகுந்துவிட்டிருந்தன. செவுளின் மெல்லிய சவ்வைத் துளைப்பது எலுமிச்சையின் தோலைக் கீறுவதற்கு ஒப்பாகும். மூச்சும் போகிறது, நீரும் போகிறது, உப்பும் ஏறுகிறது. மீன்கள் மூச்சுக்குத் தவித்ததை நாங்கள் பார்த்தோம். வறண்டதை நாங்கள் பார்க்கவில்லை.

கடலில் இத்தகைய பேரழிவு ஏன் நேர்வதில்லை? 1994-ல் பர்ஜெஸ், மாத்யூஸ் என்னும் இரு ஆய்வாளர் இங்கிலாந்தில் செய்த சோதனைகள் இதற்கு ஒளி தருகின்றன. குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளிவருவது இரவின் பிற்பகுதியிலும் விடியலை ஒட்டியும் இருளிலேதான் என்று அவர்கள் கண்டனர். இடைவிடாத இருளில் வைத்தபோதும் அவை அந்நேரத்தையே கடைப்பிடித்தன. பகலில் நெடுந்தொலைவு திரியும் மீன்கள் இரவில் அடித்தரையருகே ஒதுங்கி உறங்குகின்றன. பரந்த கடலில் ஒட்டுண்ணிக்குக் கிட்டும் வாய்ப்பு அந்த உறக்க நேரம் ஒன்றே, அதிலும் பெரும்பாலான குஞ்சுகள் வீணாகி மடியும். இருநூறு லிட்டர்த் தொட்டியிலோ கூடு விழுந்த இடமும் மீன் உறங்கும் இடமும் ஒரு சாண் தூரந்தான். கடலில் அரிதாகக் கிட்டும் வாய்ப்பை, கண்ணாடிச் சுவர்களை எழுப்பி நாமே நாள்தோறும் அளிக்கிறோம். கோமாளி மீன் பிழைத்ததற்கு, அது நான்கு மாதமாக அங்கே பழகி, அச்சமின்றி, வேளைதோறும் உண்டு வந்ததும் ஒரு காரணம் என்பது என் அனுமானம்.

சிகிச்சை முழுவதும் இந்தக் காலக்கணக்கின்மேல் நிற்கிறது. விதையாகக் கிடக்கும் களையை எந்தக் கொத்தும் பறிக்காது. முளைத்தபின்பே பறிக்க முடியும். அதுபோலத் தோலுக்கடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் தாமிர மருந்து தொடாது. நீந்தும் குஞ்சுகளையே கொல்லும். லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் வரை என்னும் குறுகிய எல்லைக்குள் தாமிரம் பல வாரம் நிற்க வேண்டும். குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் மீனுக்கே நஞ்சு. பவளத்துக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் அந்த அளவே நஞ்சு. ஆகவே அழகுத் தொட்டியில் அதை ஒருபோதும் விடலாகாது. நீரின் உப்பைப் பாதிக்கும் கீழே படிப்படியாகக் குறைத்தால் கூடுகள் அழிவதோடு, மீனின் இறைப்பு வேலையும் இலகுவாகிறது. ஆனால் குறைந்த உப்பைத் தாங்கும் ஒட்டுண்ணி வகைகளும் உண்டு. எனக்கு மிகவும் உகந்தது, இஸ்ரேலின் ஏலாத் நகரில் கோலோர்னி என்னும் ஆய்வாளர் 1980-களில் விளக்கிய மருந்தில்லா முறை. கூடு வெடிக்கக் குறைந்தது மூன்று நாள் வேண்டுமன்றோ? எனவே மூன்று நாளுக்கு ஒருமுறை மீனைச் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றி, பழைய தொட்டியைக் கழுவி நன்றாக உலர்த்திவிட வேண்டும். நான்கு மாற்றத்தில் மீனின்மேல் இருந்தவை யாவும் கூடுகளோடு பின்தங்கிப்போகும். நோய் கண்ட பெரிய தொட்டியை அதற்குப் பிறகும் பல வாரம் மீனின்றி வெறுமையாக விட வேண்டும். அரிதாகச் சில கூடுகள் பத்து வாரம் வரை உறங்கியதாகப் பதிவு உண்டு. ஆதலால் இதில் அவசரம் ஆகாது.

நண்பரிடம் இப்போது கூடத்துத் தொட்டியைத் தவிர, பின்கட்டில் மணலும் பாறையும் இல்லாத சிறிய தனிமைத் தொட்டி ஒன்று இருக்கிறது. ஒளிந்துகொள்ள இரண்டு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளும், பழைய தொட்டியில் ஊறிய பஞ்சு வடிகட்டி ஒன்றும், மங்கலான விளக்கும் மட்டுமே அதில் உண்டு. புதிதாக வரும் எந்த மீனும் ஒரு மாதம் அங்கே தங்கியாக வேண்டும்.

கடல் மீன் வளர்க்க விரும்பும் அன்பர்களுக்கு நான் செய்துகொள்ளும் விண்ணப்பம் ஒன்று உண்டு. மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். அவ்வாறு தொட்டியில் பிறந்த மீன் கிடைக்குமாயின் அதையே தேடி வாங்குங்கள். அது கிடைக்காமல் கடலில் பிடித்த மீனையே வாங்குவதாயிருந்தால், கடையில் நின்று, அதற்கு உங்கள் கண்ணெதிரே இரை போடச் சொல்லுங்கள். ஓடி வந்து உண்ணாத மீனுக்கு முன்பணம் கொடுத்து, ஒரு வாரம் அங்கேயே இருக்கவிட்டு, மறுபடி போய்ப் பாருங்கள்.